சர்வதேச ஜூடோவுக்குப் போக வேண்டுமா? காசையும் வருடங்களையும் எங்கே செலவழிப்பது

“அடுத்து என்ன மாஸ்டர்?” மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கிய பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ என்னிடம் கேட்கிற கேள்வி இது. இன்னும் நாலு போட்டி, இன்னும் நாலு பதக்கம் என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். நான் வேறு பதில் சொல்வேன். ஏற்கெனவே ஜெயித்த ஆட்களையே திரும்பத் திரும்ப ஜெயிப்பதால் பிள்ளை வளராது. தெரியாத கைகள் அவன் ஜூடோகியை (ஜூடோ உடையை) பிடிக்க வேண்டும். கையில் இருக்கிற காசும் வருடங்களும் முதலில் அதற்குத்தான் போக வேண்டும்.

நான் 48 கிலோவில் தேசியப் போட்டிகள் ஆடியவள். இப்போது சேலத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். ஜூடோவை வாழ்க்கையாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நான் நேரில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வருடங்கள்: விழுவதும் பிடிப்பதும்

பத்து வயதுப் பிள்ளைக்குப் பதக்கம் தேவையில்லை, உக்கெமி, அதாவது அடிபடாமல் விழும் முறை தேவை. பின்னால் விழும்போது முகவாய் நெஞ்சோடு ஒட்டி, கண் தன் பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும். கை உடம்பை விட்டு ரொம்ப விலகாமல் மேட்டை அறைய வேண்டும். தோற்கப் பயப்படும் பிள்ளை முதுகில் விழாமல் தப்பிக்கக் கையை ஊன்றும். முழங்கை நழுவுவது பெரும்பாலும் அப்போதுதான். அதனால் என் வகுப்பில் கை ஊன்றுகிற பிள்ளை அன்று ராண்டோரி (பயிற்சி ஆட்டம்) ஆடாது. ஓரமாக உக்கெமி மட்டும் செய்யும்.

அப்புறம் பிடி. இதை நான் அவசரப்படுத்தவே மாட்டேன். புதிதாக வரும் பிள்ளைகள் ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடிப்பார்கள். ஒரு நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். சட்டைக் கையைப் பிடிக்கும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் இறுக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தளர்வாக இருந்தால் மணிக்கட்டு சுழலும், எதிராளி இழுக்கும் திசை முன்கூட்டியே கைக்குத் தெரியும். இதற்கு நாங்கள் செய்கிற பயிற்சி: பழைய ஜூடோகி ஒன்றைக் கம்பியில் போட்டு, காலரைப் பிடித்துத் தொங்குவது, பிறகு மேலே ஏறுவது. விரல் மூட்டுகள் வலிக்க ஆரம்பித்தால் ஒட்டும் டேப்பை அரை அங்குல அகலமாகக் கிழித்து, மூட்டுக்கு மேலும் கீழுமாக எட்டு போல் சுற்றுங்கள். மூட்டையே மூடிச் சுற்றினால் விரல் மடங்காது, பிடியும் போகும்.

இன்னொன்று. நம் ஊர் ஹாலில் பத்துப் பேர் இருந்தால் பெரும்பாலும் எல்லாரும் வலது கைப் பிடிதான். வெளியே போன முதல் நாளே இடது கைக்காரர் எதிரே வந்து நிற்பார். காலர் பிடிக்கவே முடியாது. அதனால் வாரத்தில் ஒரு நாள் பாதிப் பேரை இடது கைக்கு மாற்றி ஆட வைக்கிறேன். முதலில் சிணுங்குவார்கள். பரவாயில்லை.

காலைக் கையால் பிடித்துத் தூக்கும் பழைய நுட்பங்களை இன்னும் சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நின்ற நிலையில் பெல்ட்டுக்குக் கீழே கை போவதை 2010-ல் சர்வதேசச் சம்மேளனம் கட்டுப்படுத்தியது, 2013-ல் முழுக்கத் தடுத்தது. மல்யுத்தத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் ரத்தத்தில் இருக்கும். சின்ன வயதிலேயே மாற்றிவிட வேண்டும். விதிகள் அடிக்கடி மாறும். கைவிட்டிருந்த யூக்கோ என்ற சின்னப் புள்ளி 2025-ல் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்ததும் விதிப் புத்தகத்தைப் புதிதாகப் படிப்பது பயிற்சியாளரின் வேலை. பெற்றோரும் படித்தால் இன்னும் நல்லது.

எடைப் பிரிவு: அவசரமாக முடிவு செய்யாதீர்கள்

ஆண்களுக்கு 60, 66, 73, 81, 90, 100, 100-க்கு மேல். பெண்களுக்கு 48, 52, 57, 63, 70, 78, 78-க்கு மேல். இதில் எது நம்முடையது என்ற முடிவு வாழ்க்கையையே திருப்பும்.

எடை பார்ப்பது போட்டிக்கு முந்தின நாள் மாலை. மறுநாள் காலை சிலரைக் குலுக்கலில் எடுத்துத் திரும்ப எடை பார்ப்பார்கள். ஜூடோகி இல்லாமல் பிரிவின் வரம்பை 5 சதவீதத்துக்கு மேல் தாண்டக் கூடாது. அதாவது 60 கிலோ பையன் காலையில் 63-க்குள் இருக்க வேண்டும், 48 கிலோ பெண் 50.4-க்குள். பாரிஸில் 2024-ல் வினேஷ் போகட் 100 கிராம் கூடுதலாக இருந்து வெளியேறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். மல்யுத்தத்தின் எடை விதி வேறு, ஜூடோவின் விதி கொஞ்சம் இரக்கமானது. ஆனால் அந்த 5 சதவீதத்தை நம்பித் தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடுவது ஆபத்து. அட்லாண்டா ஒலிம்பிக் நடந்த 1996-ல் கொரிய வீரர் சுங் செ-ஹூன் எடை குறைக்கும்போது மாரடைப்பில் இறந்தார். அவருக்கு வயது 22. என்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் இதைச் சொல்வேன். வளரும் வயதில் எடை குறைக்கவே விடமாட்டேன். பெரியவர்களுக்கும் அவர்களின் வழக்கமான எடை, பிரிவின் வரம்பிலிருந்து இரண்டு மூன்று கிலோவுக்குள் இருந்தால்தான் அந்தப் பிரிவு.

மேலே போகப் பயப்பட வேண்டாம். வட கொரியாவின் கே சுன்-ஹுய் 16 வயதில், 1996 ஒலிம்பிக்கின் 48 கிலோ இறுதிப் போட்டியில் ஜப்பானின் ரியோகோ தமுராவைத் தோற்கடித்தவர். தமுரா அதற்கு முன் நாலு வருடம் யாரிடமும் தோற்றதில்லை. அதே கே 2000-ல் 52 கிலோவில் வெண்கலம், 2004-ல் 57 கிலோவில் வெள்ளி வாங்கினார். உலகப் பட்டம் நாலு முறை. உடம்பு வளர்ந்தது, அவரும் கூடவே பிரிவு மாறினார்.

எடைப் பிரிவில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஒருவர்தான். கொசோவோவின் மைலிண்டா கெல்மெண்டி 2016 ரியோவில் 52 கிலோ தங்கம் வாங்கினார். அந்த நாட்டுக்கே அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அதே கிளப்பில் வளர்ந்த டிஸ்ட்ரியா கிராஸ்னிகி, அவர் இருக்கும்போது 48-க்குப் போய் டோக்கியோவில் தங்கம் வாங்கினார். கெல்மெண்டி ஓய்வுபெற்ற பிறகு 52-க்கு வந்து பாரிஸில் வெள்ளி. இருவரும் பேயா என்ற ஊரில் டிரிடன் குகா என்ற ஒரே பயிற்சியாளரிடம் பயின்றவர்கள். பெரிய நகரம் இல்லாமலும் முடியும் என்பதற்கு நான் காட்டும் ஊர் அது. ஆனால் அவர்களுக்கு ஐரோப்பாவின் பாதிப் போட்டிகள் பேருந்தில் போகிற தூரம். நமக்கு அப்படி இல்லை. நம் திட்டம் வேறு மாதிரி இருக்க வேண்டியது அதனால்தான்.

புள்ளிக் கணக்கு

வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது இது. உலகத் தரவரிசையில், உலகச் சுற்றின் பெரிய போட்டியான கிராண்ட் ஸ்லாமில் தங்கத்துக்கு 1000 புள்ளி, அதற்கு அடுத்த நிலையான கிராண்ட் பிரீக்கு 700, ஆசிய ஓபன் போன்ற கண்ட அளவிலான ஓபன் போட்டிக்கு 100. உலகப் போட்டித் தங்கத்துக்கு 2000. கிராண்ட் ஸ்லாமில் ஏழாவதாக வந்தால் 260. ஆசிய ஓபனில் தங்கம் வாங்கியவரை விட பாரிஸ் கிராண்ட் ஸ்லாமில் ஏழாவது வந்தவருக்கு இரண்டரை மடங்கு புள்ளி! ஓபன் போட்டியில் பதக்கம் வாங்கி மாலை போட்டு ஊர்வலம் வருவது சந்தோஷம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒலிம்பிக் கணக்கில் அது ரொம்பச் சின்னது. அதோடு, ஒரு வருடம் ஆனால் புள்ளி பாதியாகிவிடும், இரண்டு வருடத்தில் போய்விடும்.

பாரிஸ் ஒலிம்பிக்குக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2022 ஜூன் 24 முதல் 2024 ஜூன் 23 வரை எடுத்த புள்ளிகள் கணக்கு. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நாட்டுக்கு ஒருவர் என்று முதல் 17 பேருக்கு நேரடி இடம். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குக் கண்டவாரியாக 100 இடங்கள். ஆசியாவுக்கு அதில் ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 10, அவ்வளவுதான். இந்தக் கோட்டாவில் ஒரு நாட்டுக்கு ஆண் பெண் எல்லாப் பிரிவும் சேர்த்து ஒரே ஒருவர்தான் போக முடியும். இந்திய ஜூடோவிலிருந்து டோக்கியோவுக்கு சுசீலா தேவி மட்டும், பாரிஸுக்கு துலிகா மான் மட்டும் போனதற்குக் காரணம் இந்த விதி. நேரடி இடத்துக்குள் இந்தியர் யாரும் வராதபோது, கோட்டாவில் ஒருவருக்கு மேல் அனுப்ப வழியே இல்லை.

துலிகா பாரிஸில் 28 வினாடியில் தோற்றார் என்று செய்தி போட்டார்கள். எதிரே நின்றது கியூபாவின் இடாலிஸ் ஒர்டிஸ்: 2008-லிருந்து தொடர்ந்து நாலு ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர், அதில் 2012 லண்டன் தங்கம். டோக்கியோவில் சுசீலாவுக்கு முதல் சுற்றிலேயே வந்தவர் ஹங்கேரியின் ஏவா செர்னோவிஸ்கி, அவரும் லண்டனில் வெண்கலம் வாங்கியவர். இந்த இரண்டு பெண்களையும் யாராவது “முதல் சுற்றைக்கூடத் தாண்டவில்லை” என்று பேசினால் எனக்குத் தாங்காது. காமன்வெல்த்தில் சுசீலா 2014-லும் 2022-லும் வெள்ளி, துலிகா 2022-ல் வெள்ளி. அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. ஒர்டிஸ் மாதிரியான ஒரு கையை வருடத்தில் எத்தனை முறை பிடித்துப் பழக முடிந்தது என்பதுதான் கேள்வி.

கேம்ப்: காசு முதலில் இங்கே

வெளிநாட்டில் ஒரு போட்டிக்குப் போய் முதல் சுற்றில் தோற்றால், விமானம், விசா, அமைப்பாளர்கள் சொல்லும் ஹோட்டல், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கொடுத்த காசுக்குப் பெரும்பாலும் நாலு நிமிட ஜூடோதான் கிடைக்கும். ரெப்பசாஜ், அதாவது தோற்ற பிறகும் வெண்கலத்துக்கு ஆடும் வாய்ப்பும் காலிறுதியில் தோற்றவர்களுக்கு மட்டும்தான். அதே காசில் பல நாட்டினர் சேர்ந்து பயிற்சி எடுக்கும் ஒரு கேம்ப் போனால் ஒரு நாளைக்கே பத்துப் பேரைப் பிடிக்கலாம்.

ஆஸ்திரியாவின் மிட்டர்சில்லில் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் கேம்ப் பெயர் பெற்றது. உலகின் முன்னணி அணிகள் வந்து சேரும். பாரிஸ் கிராண்ட் ஸ்லாம் முடிந்த கையோடு அங்கேயே கேம்ப் உண்டு. ஜப்பானில் டோக்காய், டென்ரி போன்ற பல்கலைக்கழக டோஜோக்களில் (பயிற்சிக் கூடங்களில்) வெளிநாட்டினர் வந்து பயிற்சி எடுப்பது நீண்ட நாள் வழக்கம். இவை எதற்கும் தேசியச் சம்மேளனம் வழியாகப் போவதுதான் முறை. தனியாளாக யாரும் உலகச் சுற்றுப் போட்டிகளில் பெயர் கொடுக்க முடியாது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒவ்வொரு நாட்டுக்காரரின் கையும் வேறு. ஜார்ஜியாக்காரர்களுக்கு சிதாவோபா என்ற சொந்த மல்யுத்தம் உண்டு. அவர்கள் தோளுக்கு மேலாகக் கையைப் போட்டு முதுகுப்பக்கம் பெல்ட்டைப் பிடித்து அணைத்துத் தூக்குவார்கள். உஸ்பெக்குகளுக்கு குராஷ், மங்கோலியர்களுக்கு போக். ஜப்பானியர் சட்டைக் கையும் காலரும் பிடித்து நிமிர்ந்து நின்று, காலை உள்ளே விட்டுத் தூக்கி எறியும் உச்சிமத்தா போடுவார்கள். முதுகில் ஜார்ஜியக் கை விழும்போது என்ன செய்வது என்று யூடியூப் பார்த்துப் படிக்க முடியாது. அந்தக் கனத்தை உடம்பு ஒரு முறை தாங்கியிருக்க வேண்டும்.

கேம்ப்பில் நடந்துகொள்ளும் முறையும் இருக்கிறது. விசில் அடித்ததும் நம் பிள்ளைகள் கூச்சப்பட்டு மேட் ஓரத்தில் நிற்பார்கள். நல்ல ஆட்களை இரண்டு வினாடியில் மற்றவர்கள் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு சுற்று நடக்கும்போதே அடுத்த சுற்றுக்கு யார் என்று கண்ணால் தேடி வைத்திருக்க வேண்டும். விசில் கேட்டதும் நேராகப் போய் வணங்கிக் கூப்பிட வேண்டும். மறுத்தால் கோபப்படாமல் அடுத்தவரிடம் போகலாம். உலகச் சாம்பியனாக இருந்தாலும் கூப்பிடலாம். தூக்கிப் போடுவார், எழுந்து திரும்பப் பிடிக்கலாம்.

இரவு அறைக்குப் போனதும் நோட்டில் மூன்றே விஷயம் எழுதச் சொல்கிறேன்: எதிராளி எந்தக் கைக்காரர், முதலில் எதைப் பிடித்தார், நான் விழுந்தபோது என் எந்தக் காலில் எடை இருந்தது. மூன்றாவது கேள்விக்குத்தான் பிள்ளைகள் யோசிப்பார்கள். பதில் எழுத வரவில்லை என்றால் மறுநாள் அதே ஆளைத் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும்.

வெளிநாடு போக வசதியில்லாத வீடுகளுக்கு: இந்தியாவுக்குள்ளேயே மணிப்பூர், பஞ்சாப், ஹரியானா, டெல்லி, போபால் என்று வலுவான இடங்கள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் ஒரு மாதம் அங்கே போய்த் தங்கி ஆடுவது, நம் மாவட்டத்தைச் சுற்றி நாலு போட்டி ஆடுவதை விட எவ்வளவோ மேல். மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் 2022-ல் சரயெவோவில் 57 கிலோ கேடட் உலகப் பட்டம் வென்றார். எந்த வயதுப் பிரிவிலும் ஜூடோ உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர். அவர் ஊரை விட்டுக் கர்நாடகாவின் விஜயநகரில், ஒரு ஜார்ஜியப் பயிற்சியாளரிடம் பயின்றவர். கேடட் என்பது அந்த ஆண்டில் 15 முதல் 17 வயது ஆகிறவர்கள். ஜூனியர் 20 வரை. இந்த வயதில்தான் வெளிக் கைகள் பழக வேண்டும். இருபத்தைந்தில் முதல் முறை பழகப் போனால் காலம் போதாது.

மருந்தும் ஜூடோகியும்

உடம்பு நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு போன்ற மாத்திரைகள் எடை குறைக்க என்று யாராவது கொடுத்தால் வாங்கவே கூடாது. தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. கடையில் வாங்கும் சளி மருந்து, ஜிம்மில் விற்கும் பொடி, லேபிள் இல்லாத நாட்டு மருந்து எதுவாக இருந்தாலும் விளையாட்டு மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான். தெரியாமல் சாப்பிட்டேன் என்பது செல்லாது. சோதனைக் குழுப் பட்டியலில் பெயர் வந்த பிறகு, தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே ஊக்கமருந்துக் குற்றம். இதில் வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்து நினைவூட்டினால் பெரிய உதவி.

ஜூடோகி வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று, இரண்டிலும் சர்வதேசச் சம்மேளனத்தின் அங்கீகார லேபிள், முதுகில் பெயரும் நாட்டுக் குறியீடும். போட்டிக்கு முன் அளவுக் கருவி வைத்துச் சரிபார்ப்பார்கள். பருத்தித் துணி சுருங்கும். வாங்கியபோது சரியாக இருந்த கை, பத்துத் துவைப்புக்குப் பிறகு மணிக்கட்டைக் காட்டும். அதனால் வெந்நீரில் துவைக்காதீர்கள், போட்டிக்கு ஒரு மாதம் முன்பே கையை நீட்டி அளந்து பாருங்கள்.

படிப்பும் பிழைப்பும்

இந்த விளையாட்டில் பரிசுப் பணத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. உலகச் சுற்றில் பதக்கம் வாங்கினால் பரிசு உண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கு பயிற்சியாளருக்குப் போகும். வாங்குபவர்கள் சிலரே. ரயில்வே, போலீஸ், துணை ராணுவம், தமிழ்நாடு அரசின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு ஆகியவை இருக்கின்றன. தேசியப் பதக்கச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள், பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று வாங்கிய அன்றே பாருங்கள். படிப்பை நிறுத்தச் சொல்லும் பயிற்சியாளரை நம்பாதீர்கள். முழங்கால் தசைநார் ஒன்று கிழிந்தால் ஒரு வருடம் போய்விடும். அந்த வருடத்தில் கல்லூரி இருந்தால் மனசு நிற்கும்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் அவரையும் ஜூடோவுக்கு அழைத்து வாருங்கள். பாரா ஜூடோவில் ஃபைட் தொடங்கும்போதே இருவரும் பிடியோடுதான் நிற்பார்கள். கை சொல்வதைக் கேட்கத் தெரிந்தவருக்கு அது முழுமையான விளையாட்டு. மத்தியப் பிரதேசத்தின் கபில் பர்மார் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 60 கிலோ ஜே1 (பார்வை இல்லாத அல்லது மிகக் குறைந்தவர்களுக்கான) பிரிவில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்து ஜூடோவில் இந்தியாவுக்கு வந்த முதல் பதக்கம் அதுதான். என் வகுப்பில் சனிக்கிழமைகளில் பார்வையுள்ள பிள்ளைகளும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிடியிலிருந்து தொடங்கி ஆடுகிறார்கள். பிடியில் வந்த முன்னேற்றம் வேறு எந்தப் பயிற்சியிலும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. இடம் இருக்கிற பயிற்சியாளர்கள் இந்த வாரமே ஆரம்பிக்கலாம். வேண்டியது நாலு துணிக் கட்டும், கூடவே நின்று பார்க்கிற ஒரு பெரியவரும் மட்டும்தான்.